புல எல்லைக்கு அப்பால்

மனைப்பிரிவு அனுமதிக்காக ஒரு கோப்பு மேசைக்கு வரும்போது அதில் நில எல்லைகளைக் காட்டும் புலப்படம், நில விவரங்கள் அடங்கிய அ-பதிவேட்டின் நகல், வில்லங்கச் சான்று, உரிமையாளர் தரப்பில் வரைந்து தந்த மனைப்பிரிவு வரைபடம் ஆகியவை இருக்கும். கொங்கு வட்டாரத்தில் நகர ஊரமைப்பு வரைவாளராகப் பணியாற்றத் தொடங்கிய நாள்முதல் ஊர் வளர்வதை நான் பார்த்துவருவது பெரும்பாலும் இந்தக் கோப்புகளின் வழியாகத்தான். சோளமும் கம்பும் விளைந்த மேட்டாங்காடு ஒன்று மனைகளாகப் பிரியும்; எங்கள் பக்கம் காடு என்றால் விளைநிலம். அடுத்த ஆண்டு அதை ஒட்டிய காடு வரும். அதற்கடுத்து அதற்கும் மேற்கே உள்ளது வரும். ஒவ்வொன்றையும் விதிப்படி சரிபார்க்கிறோம். ஆனால் அந்த மூன்று காடுகளிலும் குடியேறுகிறவர்கள் ஒரே ஊரில் வாழப் போகிறவர்கள் என்பதைக் காட்டும் தாள் எதுவும் எந்தக் கோப்பிலும் இருப்பதில்லை.

பொது இடம் என்று வரும்போது இந்தக் குறை மிகத் தெளிவாகப் புலப்படும். தமிழ்நாட்டு விதிகளின்படி 3,000 சதுர மீட்டர் வரையுள்ள நிலத்துக்குப் பொது ஒதுக்கீடு தேவையில்லை. அதற்கு மேல் 10,000 சதுர மீட்டர் வரை, சாலை நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தை ஒதுக்க வேண்டும் அல்லது வழிகாட்டி மதிப்பில் அதற்கான தொகையைக் கட்டலாம். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் இடமாகவே தர வேண்டும். அந்த இடமும் சாலைகளும் தானப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சிக்குச் சேர்ந்துவிடும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் முதல் வரம்பு ஏறத்தாழ 74 சென்ட், இரண்டாவது 2 ஏக்கர் 47 சென்ட். கோவை, திருப்பூர்ப் பக்கம் மக்கள் இப்படி ஒதுக்கும் பொது இடத்தை 'ரிசர்வ் சைட்' என்றுதான் சொல்வார்கள். அண்ணன் தம்பிகள் பெயரில் நிலத்தைப் பாகம் பிரித்து, ஒவ்வொரு பாகமும் 74 சென்ட்டுக்குள் அடங்கும்படி கொண்டுவருவதையும் பார்த்திருக்கிறேன். தனித்தனியாகப் பார்த்தால் அந்தக் கோப்புகளில் எந்தக் குற்றமும் இருக்காது. சேர்த்துப் பார்த்தால் நூற்றைம்பது குடும்பங்களுக்கு உட்கார ஒரு மரத்தடி இருக்காது.

சட்டப்படி ஒதுக்கப்பட்ட இடங்களிலும் பாதிக்கு மேல் பயனற்றுப் போவதற்கு முதற்காரணம், அவை வைக்கப்படும் மூலைதான் என்பது என் அனுபவம். விற்காத இடத்தைத்தான் உரிமையாளர் ரிசர்வ் சைட்டாகக் காட்டுவார். பாறைக்குழியின் விளிம்பு, உயர் அழுத்த மின்கம்பியின் அடி, பள்ளம் என்று நாங்கள் சொல்லும் மழைநீர் ஓடையை ஒட்டிய சரிவு, தூர்ந்துபோன கிணற்றைச் சுற்றிய துண்டு ஆகியவை அடிக்கடி வருபவை. மூன்று பக்கமும் மனைகள் அடைத்திருக்க, நான்காவது பக்கத்தில் ஒரு முட்டுச் சந்து மட்டும் அதற்கு வழியாக இருக்கும். அதைச் சுற்றியுள்ள பத்து வீட்டுக்காரர்களைத் தவிர வேறு யாரும் அங்கே போக வேண்டிய தேவை இல்லாததால், சில ஆண்டுகளில் குப்பை சேரும், பிறகு ஒரு செட் முளைக்கும், பிறகு அதற்கு ஒரு கதவு எண்ணும் வந்துவிடும். பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991இல் பெங்களூரு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்தத் தீர்ப்பு மிகப் பெரிய பாதுகாப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நீதிமன்றத்துக்குப் போக ஓர் ஆள் வேண்டும்; இடத்தைப் புழங்குகிறவர்கள் இருந்தால்தான் அந்த ஆள் கிடைப்பார்.

புழக்கம் என்றால் என்ன என்பதைத் திருப்பூரின் விளிம்பில் உள்ள ஒரு ரிசர்வ் சைட் எனக்குக் காட்டியது. இருபது சென்ட்டுக்குச் சற்றுக் கூடுதல், ஒரு வேம்பு, இரண்டு புங்க மரங்கள், ஒரு சின்டெக்ஸ் தொட்டி. பூங்கா என்ற பெயர்ப்பலகைகூட இல்லை. அதன் தெற்கே சொந்த வீடுகள் உள்ள மனைப்பிரிவு, வடக்கே பத்துப் பதினைந்து லைன் வீடுகள், கிழக்கே பனியன் கம்பெனிகளுக்குப் போகும் சாலை. வார நாள்களில் ஒன்றரை ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் அதன் குறுக்காக நடந்து போவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் லைன் வீட்டுப் பெண்கள் தொட்டியடியில் துணி துவைத்துக் கொடியில் உலர்த்துவார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் ஊருக்குக் கைப்பேசியில் பேசியபடி வேம்படியில் உட்கார்ந்திருப்பார்கள். தெற்குப் பக்கத்துப் பெரியவர்கள் நாற்காலி கொண்டுவந்து போட்டுக்கொள்வார்கள். கீரை விற்கும் அம்மா கூடையை இறக்கும் இடம், ஊசிபோடும் முகாம் நடக்கும் இடம், தேர்தல் நேரத்தில் கட்சிக்காரர்கள் கூட்டம் போடும் இடம் எல்லாம் அதுவே. தண்ணீருக்கும் துணிக்கொடிக்கும் சண்டை வராமல் இல்லை. ஆனாலும் தெற்குப் பக்கத்தார் சிலர் வேலி போட்டுக் கேட்டுக்குப் பூட்டு மாட்ட முயன்றபோது, அதே தெற்குப் பக்கத்துப் பெரியவர்கள்தான் முதலில் மறுத்தார்கள். அந்தத் துண்டு நிலம் இன்றும் பொது இடமாக இருப்பதற்கு, மூன்று பக்கத்திலிருந்தும் அதற்கு வழி இருப்பதே காரணம் என்று நம்புகிறேன்.

அந்த வழிகளில் ஒன்று பழைய இட்டேரி. இரு காடுகளுக்கு நடுவே, இருபுறமும் கிளுவை வேலி நிற்க, மாடும் வண்டியும் போகும் அளவுக்கு விட்டிருந்த பாதையைத்தான் கொங்கு நாட்டில் இட்டேரி என்போம். புலப்படத்தில் அது இரண்டு புள்ளிக்கோடுகளாகக் காணப்படும்; பல இடங்களில் அதுவும் இருக்காது, பட்டா நிலத்துக்குள்ளேயே வழக்கத்தால் நிலைத்த தடமாக இருக்கும். ஒரு தல ஆய்வின்போது பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "ஏனுங் சார், இந்த இட்டேரியிலதானுங்க எங்க அப்பாரு காலத்துல இருந்து பொழங்கறோம். இதை அடைச்சுப் போட்டீங்கன்னா, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க மெயின் ரோட்டைச் சுத்தித்தானுங்க போகோணும்." வரைபடத்தில் அந்த இட்டேரி இருந்த இடத்தில் நான்கு மனைகள் இருந்தன. மனைப்பிரிவின் உள்ளே 30 அடிச் சாலைகள் நேர்த்தியாக இருந்தன. அவற்றில் ஒன்றுகூட மேற்குப் பக்கத்தைத் தொடவில்லை. அந்தக் கோப்பில் மேற்குச் சாலையை எல்லைவரை நீட்டச் சொல்லித் திருப்பி அனுப்பினோம். உரிமையாளர் இரண்டு மனைகளை இழந்தார், மனம் வருந்தினார். அவருடைய வருத்தமும் நியாயமானதே, ஏனெனில் பக்கத்துக் காட்டுக்காரர் எதையும் இழக்காமலே அந்தச் சாலையின் பயனைப் பெறப் போகிறார். இந்தச் சுமையை உரிமையாளர்களுக்கிடையே பகிர்ந்து தரும் ஏற்பாடு கோப்புக்குக் கோப்பு பார்க்கும் முறையில் இல்லை.

கோயம்புத்தூர் ஆர்.எஸ். புரத்தில் நடக்கிறவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே தெரியும். பிளேக் நோய் வாட்டிய காலத்துக்குப் பின், நெரிசலான பழைய ஊருக்கு வெளியே நகராட்சி முழுப் பகுதிக்குமாகத் திட்டமிட்டு விரித்த குடியிருப்பு அது. நகராட்சித் தலைவராக இருந்த ரத்தினசபாபதி முதலியாரின் பெயர் தாங்கியது. அங்கே தெருக்கள் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன, எந்தத் தெருவில் நுழைந்தாலும் வேறொரு தெருவில் வெளியேறலாம். 1914இல் இந்தியாவுக்கு வந்த நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிஸ், கோவை உள்ளிட்ட சென்னை மாகாண நகரங்களைப் பற்றி 1915இல் அறிக்கைகள் தந்தவர். அகலச் சாலைக்காக வீடுகளை இடித்துத் தள்ளுவதைவிட, ஊரை முதலில் நடந்து பார்த்து, இருக்கும் சந்துகளையும் சிறு வெளிகளையும் காத்துத் திறந்துவிடுவதே நல்லது என்பது அவர் வற்புறுத்திய முறை. நூறாண்டு கடந்தும் எங்கள் தல ஆய்வுகள் பெரும்பாலும் நான்கு எல்லைக் கல்லோடு முடிந்துவிடுகின்றன.

மழைநீரும் புல எல்லையில் நிற்பதில்லை. கோவையின் சங்கனூர்ப் பள்ளம் எத்தனையோ காடுகளின் தண்ணீரை வாங்கிச் சிங்காநல்லூர்க் குளம் நோக்கிப் போகிறது. மேலே ஒரு மனைப்பிரிவு மண்ணடித்து உயர்ந்தால், கீழே இருக்கும் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. 1971ஆம் ஆண்டு நகர ஊரமைப்புச் சட்டத்திலேயே, ஒரு பகுதி முழுவதற்குமாக விரிவு வளர்ச்சித் திட்டம் வகுக்க இடமுண்டு. அதை எல்லா இடத்திலும் உடனே செய்ய ஆள் பலம் போதாது என்பதும் உண்மை. எனவே நான் கையாளும் கோப்புகளில் ஒரு கூடுதல் தாளைக் கேட்டு வாங்கத் தொடங்கினேன்: மனைப்பிரிவைச் சுற்றி அரைக் கிலோமீட்டருக்கு உள்ள இட்டேரிகள், பள்ளங்கள், ஏற்கெனவே அனுமதி பெற்ற ரிசர்வ் சைட்டுகள், பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பேருந்து நிறுத்தம் அனைத்தும் குறித்த வரைபடம். பொறியாளர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். அவிநாசிப் பக்கம் ஒரு கோப்பில் அந்தத் தாளை வைத்துப் பார்த்தபோது, பழைய மனைப்பிரிவின் ரிசர்வ் சைட் பொதுவேலியை ஒட்டி இருப்பது தெரிந்தது. புதிய மனைப்பிரிவின் 10 சதவீதத்தை வேலியின் இந்தப் பக்கம், அதற்கு நேராக வைக்கச் சொன்னோம். உரிமையாளருக்கு ஒரு சதுர அடிகூட நட்டமில்லை. இரண்டும் சேர்ந்து அரை ஏக்கரைத் தாண்டின. இப்போது அங்கே அங்கன்வாடிக் கட்டடம் ஒன்றும், மாலையில் பையன்கள் வாலிபால் ஆட ஒரு திடலும் இருக்கின்றன, இரு பக்கத்துக் குழந்தைகளும் வேலி இருந்த இடத்தைக் கடந்துதான் வருகிறார்கள்.