நீச்சல் குளத்தில் கால்சியம் எவ்வளவு: வீட்டிலேயே பார்த்த அனுபவம்

அரியாங்குப்பத்தில் அக்கா வாடகைக்கு விடும் அறைகளை ஒட்டி ஒரு சின்ன நீச்சல் குளம் உண்டு. நாலடி ஆழம். தண்ணீர் நிற்கும் மட்டத்தில் டைல்ஸ் மேல் வெள்ளைக் கறை படிந்து, தொட்டால் சொரசொரவென்று இருந்தது. பராமரிப்புக்கு வருபவர் டிடிஎஸ் மீட்டரை முக்கிப் பார்த்துவிட்டு, "ஹார்ட்னெஸ் ஏறிடுச்சு சார், மொத்தத் தண்ணியையும் மாத்திடலாம்" என்றார். ஹார்ட்னெஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும். வெள்ளையாகப் படிவது கால்சியம். டிடிஎஸ் என்பதோ கரைந்திருக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கணக்கு. கடலோர போர் தண்ணீரில் சாதாரண உப்பே அதை ஏற்றிவிடும். அதில் கால்சியம் எவ்வளவு என்று அந்த மீட்டர் சொல்லாது. சொட்டு எண்ணிப் பார்க்கும் கிட் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தேன்.

முழங்கை ஆழத்திலிருந்து தண்ணீர் மொண்டு, குழாயில் 25 மில்லி எடுக்க வேண்டும். முதலில் பஃபர் என்ற காரக் கரைசல் 20 சொட்டு. இது பிஹெச்சை மிக உயர்த்தி மெக்னீசியத்தை ஒதுக்கிவிடும், மிஞ்சுவது கால்சியம் மட்டும். அப்புறம் நிறம் காட்டும் இண்டிகேட்டர் 5 சொட்டு விட்டால் தண்ணீர் சிவக்கும். இனி கடைசி பாட்டில்தான் வேலை: ஒரு சொட்டு, ஒரு கலக்கு, மறுபடி ஒரு சொட்டு. அந்த மருந்து கால்சியத்தை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொள்ள, சிவப்பு நீலமாகிவிடும். ஒரு சொட்டுக்கு 10 பிபிஎம் (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). பாட்டிலைச் சாய்க்காமல் நேராகப் பிடித்தால்தான் சொட்டு ஒரே அளவில் விழும்.

"என்னடா, சமையலறைய லேப் ஆக்கிட்ட?" என்று அக்கா எட்டிப் பார்த்தபோது நிறம் கத்தரிப்பூ ஊதாவில் நின்றிருந்தது. மேலும் சொட்டு விட்டும் நீலமாகவில்லை. காரணம் மயில்துத்தம். பாசிக்கு அதைப் போடுவது நம் பக்கத்து வழக்கம். அதிலுள்ள செம்பு இண்டிகேட்டரைப் பிடித்துக்கொண்டு விடாது. கிட்டோடு வந்த தாளிலேயே வழி இருந்தது: கடைசி பாட்டிலிலிருந்து ஐந்தாறு சொட்டை முதலிலேயே விட்டுவிட்டு, பிறகு பஃபர், இண்டிகேட்டர். முன்னால் விட்டதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வெள்ளைத் தாளைப் பின்னால் வைத்துப் பார்த்தேன். 46-ஆவது சொட்டில் தெளிவான நீலம். 460.

சிமென்ட் பூச்சுக் குளத்துக்கு 200 முதல் 400 வரை என்பார்கள். குறைந்தால் தண்ணீர் பூச்சையே அரிக்கும், கூடினால் படியும். போர் தண்ணீரையும் அதே கிட்டில் பார்த்தேன்: 280. அப்படியானால் மொத்தத்தையும் இறைத்து நிரப்பினாலும் 280-இல்தான் தொடங்கும். வெயிலில் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், கால்சியம் தங்கிவிடும். போதாததற்கு இங்கே போட்டுக்கொண்டிருந்த குளோரின் தூள் கால்சியம் ஹைப்போகுளோரைட். அதுவும் தன் பங்குக்கு ஏற்றும். தவிர, நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடத்தில் குளத்தை முழுக்க வற்றவைத்தால் தொட்டியே மேலே கிளம்பிவிடும் அபாயம் உண்டு.

திரவ குளோரினுக்கு மாறினோம். கறை மேலும் ஏறாமலிருக்க பிஹெச்சை 7.2, 7.4-க்குள் வைத்தோம். ஐப்பசி மழைக்கு முன் ஓரடித் தண்ணீரை மட்டும் இறைத்துவிட்டு வானத்தை நம்பினோம். மழைநீரில் கால்சியம் இல்லை என்றே சொல்லலாம். குளம் பழைய மட்டத்துக்கு வந்ததும் பார்த்தேன், 35 சொட்டு. பழைய கறையை டைல்ஸிலிருந்து தேய்த்தெடுக்கும் வேலை இன்னும் பாக்கி.