நியூ அபி: ஒரு மடாலயமும் அதன் வாசலில் வளர்ந்த ஊரும்

ஸ்காட்லாந்தின் தென்மேற்கில், டம்ஃப்ரீஸ் நகரிலிருந்து தெற்கே சுமார் ஏழு மைல் தொலைவில், கிரிஃபெல் குன்றின் அடிவாரத்தில் நியூ அபி என்ற சிற்றூர் இருக்கிறது. அதன் ஓரத்தில், செந்நிற மணற்கல்லால் எழுப்பப்பட்டு, கூரையை இழந்து நிற்கும் ஸ்வீட்ஹார்ட் மடாலயத்தைப் பற்றி எங்கே படித்தாலும், கணவனின் இதயத்தைப் பேழையில் வைத்துப் போற்றிய சீமாட்டியின் கதைதான் முதலில் வரும். பெரும்பாலும் அத்துடன் முடிந்தும் விடும். கிளாஸ்கோவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனபோது அந்த ஊரில் ஒரு பகல் முழுவதையும் கழித்தேன். அந்தக் காதல் கதையைவிட, மடாலயத்துக்கும் அதன் வாசலில் வளர்ந்த ஊருக்கும் இடையே தலைமுறை தலைமுறையாக நடந்த கொடுக்கல் வாங்கலே எனக்குச் சுவையாகப் பட்டது.

இருந்தாலும் சீமாட்டியிடமிருந்துதான் தொடங்க வேண்டும். காலவே பகுதியின் பிரபுவான ஆலனுக்கு ஆண் வாரிசு இல்லாததால், அவர் 1234இல் இறந்ததும் நிலங்கள் மகள்களுக்குப் பிரிந்தன. அவர்களில் ஒருவர் டெர்வோர்கில்லா. வட இங்கிலாந்தின் பெருஞ்செல்வரான ஜான் பேலியல் அவரை மணந்தார். 1268இல் கணவர் இறந்தபின், அவருடைய இதயத்தைப் பதப்படுத்தி, வெள்ளிப் பூண் போட்ட தந்தப் பேழையில் வைத்துக்கொண்டார் டெர்வோர்கில்லா. உணவு வேளைகளில் பேழையைத் தன் அருகில் வைத்து, கணவருக்கு உரிய பங்கையும் பரிமாறச் செய்து, பின்னர் அதை ஏழைகளுக்குக் கொடுத்தார் என்று 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ஒரு வரலாற்றாசிரியர் சொல்கிறார். அவர் காலத்துக்கும் நிகழ்வுக்கும் இடையே நூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி இருப்பதால், பரிமாறிய கதையை நான் சற்றுத் தள்ளியே வைக்கிறேன். 1273இல் கணவர் நினைவாக மடாலயத்தை நிறுவியதும், 1290இல் இறந்தபோது அந்த இதயத்தோடு அங்கேயே அடக்கமானதும் ஐயத்துக்கு இடமில்லாதவை. ஆக்ஸ்ஃபோர்டில் கணவர் தொடங்கி வைத்த மாணவர் இல்லத்துக்கு 1282இல் விதிமுறைகளை வகுத்துக் கொடுத்து, அது பேலியல் கல்லூரியாக நிலைபெற வழிசெய்தவரும் இவரே. இதயப் பேழைக்குக் கிடைத்த புகழில் கால்பங்கு கூட இந்தக் காரியத்துக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு ஒரு மனக்குறை.

மடாலயத்துக்கு வந்தவர்கள் சிஸ்டெர்ஷியன் சபைத் துறவிகள். அதே காலவே பகுதியில் 1142 முதல் இயங்கிய டண்ட்ரெனன் மடாலயத்திலிருந்து அவர்கள் அனுப்பப்பட்டார்கள். அந்தப் பழைய மடாலயத்திலிருந்து பிரித்துச் சொல்வதற்காகவே இது புதிய மடாலயம் எனப்பட்டது. ஊர் இன்றுவரை அந்தப் பெயரைத் தாங்குகிறது. ஸ்காட்லாந்தில் அந்தச் சபை கடைசியாக நிறுவிய மடமும் இதுதான். மக்கள் நடமாட்டத்தை விட்டு விலகி இருக்க வேண்டும் என்பது சபையின் கொள்கை. அதற்காகவோ என்னவோ, கிரிஃபெல் சரிவிலிருந்து பெரிய பெரிய கருங்கற்பாறைகளைக் கொண்டுவந்து, ஏறத்தாழ 30 ஏக்கர் பரப்பைச் சுற்றி மதில் எழுப்பியிருக்கிறார்கள். செதுக்காத பாறைகளை அப்படியே தூக்கி அடுக்கிய அந்த மதிலின் ஒரு பகுதி ஆள் உயரத்துக்கு மேல் இன்னும் நிற்கிறது. அடிவரிசைப் பாறைகளில் ஒன்றின் அருகே நின்றபோது அது என் இடுப்புக்கு மேல் வந்தது. அத்தனை பெரிய மதில் கட்டியும் விலகி இருக்க முடியவில்லை. ஆடும் வயலும் ஆலையும் வைத்திருப்பவர்களுக்கு வேலையாட்கள் வேண்டும்; வேலையாட்களுக்குக் குடிசை வேண்டும். ஊர் அப்படித்தான் உருவாகியிருக்க வேண்டும்.

அரசியலும் மதிலைத் தாண்டி வந்தது. டெர்வோர்கில்லாவின் மகன் ஜான் பேலியல் 1292இல் ஸ்காட்லாந்து அரசராகி, நான்கே ஆண்டுகளில் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்டால் பதவி இழந்தார். 1300ஆம் ஆண்டு படையெடுப்பின்போது அதே எட்வர்டு, அந்தத் தாய் கட்டிய மடாலயத்தில் தங்கியிருந்தார். ஸ்காட்லாந்தின்மீது இங்கிலாந்துக்கு உரிமையில்லை என்று போப் எட்டாம் போனிஃபேஸ் எழுதிய கடிதத்தைக் கேன்டர்பரி பேராயர் அவரிடம் கொண்டுவந்து சேர்த்தது அங்கேதான்.

1560இல் ஸ்காட்லாந்து போப்பின் அதிகாரத்தை உதறிச் சீர்திருத்தச் சபையை ஏற்றது. மடாலயத்தை இடிக்கச் சொன்ன கட்டளையை, தன் இளமையில் பெரும்பகுதி கழிந்த இடம் என்று கூறி, உள்ளூர்ப் பிரபுவான மேக்ஸ்வெல் மறுத்துவிட்டார். கடைசி மடாதிபதியான கில்பர்ட் பிரவுன், தடையையும் மீறி, பழைய வழிபாட்டைப் பல்லாண்டுகள் தொடர்ந்தார். 1605இல் அவரைக் கைதுசெய்ய வீரர்கள் வந்தபோது, சுற்றுவட்டார மக்கள் ஆயுதம் ஏந்தி அவரை மீட்க முயன்று தோற்றார்கள். நாடுகடத்தப்பட்ட அவர் சில ஆண்டுகளில் திரும்பி வந்தார். 1609இல் அவருடைய அறையை உடைத்து, நூல்களையும் பூசை உடைகளையும் எடுத்துச் சென்று, டம்ஃப்ரீஸ் கடைவீதியில் சந்தை நாளில் எரித்தார்கள். 1612இல் பிரவுன் பாரிஸில் காலமானார். நம் பாரிமுனையில் ஆண்டர்சன் தேவாலயம் இருக்கிறதல்லவா, அந்த ஜான் ஆண்டர்சனும் காலவேக்காரர்தான். 1837இல் மதராஸில் அவர் தொடங்கிய பள்ளிதான் பின்னர் சென்னைக் கிறித்துவக் கல்லூரியாக வளர்ந்தது. அவரை இங்கே அனுப்பியது, பிரவுனை வெளியேற்றிய அதே சபை.

துறவிகள் போனபின் ஊருக்குக் கட்டடம் மிஞ்சியது. அதைப் பாதுகாக்க வேண்டும் என்று அன்று யாருக்குத் தோன்றும்? வெட்டிச் செதுக்கிய கல் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. துறவிகள் உண்டு உறங்கிய பகுதிகள் ஏறக்குறைய முழுவதும் காணாமல் போய், ஊரின் வீட்டுச் சுவர்களாகவும் வேலிச் சுவர்களாகவும் மாறின. சாந்தோம் பகுதியில் பழைய மயிலைக் கோயிலின் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்ததைப் படித்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. நியூ அபியில் ஒரு வீட்டுச் சுவரில், படகில் மூவர் செல்வதுபோல் செதுக்கிய சிறிய கல் ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. மடாலயம் கட்டுவதற்கான கற்களை நித் ஆற்றின் அக்கரையிலிருந்து படகில் ஏற்றி வந்து கொடுத்த மூன்று பெண்கள் அவர்கள் என்பது ஊர்க்கதை. தேய்ந்துபோன அந்த உருவங்கள் ஆணா பெண்ணா என்று என்னால் சொல்ல முடியவில்லை. கதை உண்மையோ இல்லையோ, கல் கொண்டுவந்த பெருமையைச் சீமாட்டிக்குக் கொடுக்காமல் தன் பெண்களுக்குக் கொடுத்துக்கொண்ட ஊரை எனக்குப் பிடித்துவிட்டது.

தேவாலயம் மட்டும் தப்பியதற்கும் ஊர்க்காரர்களே காரணம். கல் எடுப்பது கைமீறிப் போவதைக் கண்டு, 1779இல் உள்ளூர் மக்கள் சிலர் பணம் திரட்டி, எஞ்சியிருந்த கட்டடத்தை விலைக்கு வாங்கினார்கள். தங்கள் வட்டாரத்துக்கு அது ஓர் அணிகலனாக நிற்க வேண்டும் என்பதே அவர்கள் சொன்ன காரணம். தொல்லியல் துறை, பாரம்பரியச் சட்டம் என்று எதுவும் பிறக்காத காலத்தில், தெய்வ நம்பிக்கையையோ வருமானத்தையோ காட்டாமல், அழகுக்காக மட்டுமே ஓர் இடிபாட்டைச் சிற்றூர்க்காரர்கள் வாங்கியது எனக்குப் பேழைக் கதையைவிடப் பெரிய வியப்பாக இருக்கிறது. ஊரின் சீர்திருத்தச் சபைத் தேவாலயம் பழைய சுவரோடு ஒட்டியபடியே நின்று, 1877இல்தான் அகற்றப்பட்டது. 1928இல் மடாலயம் அரசின் பராமரிப்புக்கு வந்தது. டெர்வோர்கில்லாவின் நினைவுச் சின்னத்தில் கிடைத்த துண்டுகளை 1930களில் மீண்டும் பொருத்தி வைத்தார்கள்.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஊரின் மறுமுனையில் தண்ணீர் விசையால் ஓடும் ஒரு மாவாலை இருக்கிறது. இப்போதுள்ள கட்டடம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. துறவிகள் காலத்திலும் அங்கே ஆலை இருந்தது என்பது ஊர் வழக்கு. இரண்டாம் உலகப்போர்க் காலம் வரை ஓட்ஸ் அரைத்த அந்த ஆலையைப் பழுதுபார்த்து, இன்றும் ஓட்டிக் காட்டுகிறார்கள். தானியத்தை முதலில் சூளைத் தளத்தில் பரப்பி உலர்த்தி, உமி நீக்கி, அதன்பிறகே மாவாக அரைத்திருக்கிறார்கள். அந்த ஆலையை முதலில் பார்த்துவிட்டு, ஒற்றைத் தெருவின் வீட்டுச் சுவர்களைக் கவனித்தபடி நடந்து, மடாலயத்தைக் கடைசியாகப் பாருங்கள். பெரும்பாலான பயணிகள் நேராக மடாலயத்துக்குப் போய், படம் எடுத்துக்கொண்டு, ஊரைப் பார்க்காமலே கிளம்பிவிடுகிறார்கள்.