கொள்ளிடத்தின் கொம்பும் ஒரு சி லைப்ரரியும்

கல்லணையில் காவிரி பிரிவதிலிருந்து கடல் வரைக்கும் ஆறுகளை ஒரு வரைபடமாகப் பைத்தானில் வரைந்துகொண்டிருக்கிறேன். ஆற்றைக் கோடாக இழுப்பது சுலபம், பெயர் எழுதுவதுதான் பெரும்பாடு. வெண்ணாற்றுக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது, குடமுருட்டியின் உகரம் ஒட்டாமல் தனியாகத் தொங்கியது. நம்ம ஊர் ஆற்றின் பெயரை அப்படி விட மனசு வரவில்லை.

இதைச் சரிசெய்வது ஹார்ஃப்பஸ் என்ற சி மொழி லைப்ரரி. குரோம், ஃபயர்பாக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் தமிழை ஒழுங்காக அடுக்கிக் கொடுப்பது அதுதான். பைத்தானுக்கென்று தயார் நிலையில் ஒரு பொதியும் உண்டு, ஆனால் உள்ளே நடப்பதைப் பார்க்க ஆசை, அதனால் சி லைப்ரரியைப் பைத்தானிலிருந்தே அழைக்க உதவும் சிடைப்ஸ் வழியாக நேரடியாகவே கூப்பிட்டேன். பைத்தான் 2.5 முதல் கூடவே வருவதால் எதையும் கம்பைல் செய்யத் தேவையில்லை.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்றுதான், ஆனால் அதில் நிறைய இருக்கிறது. ஒரு ஃபங்ஷன் எதைத் திருப்பித் தரும் என்று நாம் சொல்லாவிட்டால், சிடைப்ஸ் அதை 32 பிட் முழு எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். ஹார்ஃப்பஸில் ஃபான்ட், பஃபர் (எழுத்துகளைப் போட்டு வடிவங்களாக வாங்கும் இடம்) எல்லாமே பாயின்டர், அதாவது நினைவக முகவரி, 64 பிட் கணினியில் அதில் பாதி வெட்டுப்பட்டுப் போகும், அப்புறம் செக்மென்டேஷன் ஃபால்ட்தான், நிரல் அப்படியே நின்றுவிடும், எந்த வரி என்றுகூடச் சொல்லாது. ஃபங்ஷன்களின் விவரம் இருக்கும் ஹெடர் ஃபைலைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ரெஸ்டைப் (திருப்பித் தருவதன் வகை), ஆர்க்டைப்ஸ் (நாம் கொடுப்பவற்றின் வகை) இரண்டையும் முதலிலேயே எழுதிவிடுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் எழுதியபின் நிம்மதி.

கொள்ளிடத்தைக் கொடுத்துப் பார்த்தேன். "கொ" யூனிகோடில் இரண்டு குறியீடு, க ஒன்று, ஒகரக் குறி ஒன்று. திரும்பி வந்ததோ மூன்று வடிவம்: கொம்பு, க, கால். மூன்றுக்கும் கிளஸ்டர் எண் (மூல எழுத்து எந்த பைட்டில் தொடங்குகிறது என்பது) 0, அடுத்து வரும் ள்ளுக்கு 6, ஏனென்றால் யூடிஎஃப்-8ல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். இதைத் திரையில் பார்த்ததும் அப்படி ஒரு சந்தோஷம்!

இன்னொன்று. இந்த வடிவ, கிளஸ்டர் விவரங்கள் பஃபருக்குள்ளேயே இருப்பவை, பஃபரை விடுவிக்கும் முன் பைத்தான் பட்டியலுக்கு நகல் எடுத்துவிட வேண்டும். விடுவிப்பதும் நம் பொறுப்பு, பைத்தானின் குப்பை அள்ளும் வேலை அங்கே எட்டாது.

இப்போது வெட்டாறு, அரசலாறு வரைக்கும் பெயர்கள் சரியாக விழுகின்றன. ஆற்றின் வளைவோடு பெயரையும் வளைத்து எழுத, எழுத்துருவிலிருந்து எழுத்தின் வடிவத்தை எடுத்துத் தரும் ஃப்ரீடைப் லைப்ரரியையும் இதே வழியில் இணைக்கப் போகிறேன்.