சஹர் சோற்றை யார் படம் எடுக்கிறார்கள்?

ரமலான் பிறந்துவிட்டால் திருநெல்வேலி மேலப்பாளையத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் நோன்புக் கஞ்சியிலேயே விழுந்து கிடக்கிறார்கள். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முன்னால் தூக்குவாளியோடு நிற்கும் பிள்ளைகள், ஆவி பறக்கும் அண்டா, அகப்பையோடு வியர்த்து நிற்கும் ஆள். படம் அழகாகத்தான் விழும். கஞ்சியை நான் குறை சொல்லவில்லை. பச்சரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் தேங்காய்ப்பாலில் குழைந்து வந்தால், பகலெல்லாம் காய்ந்த வயிற்றுக்கு அதைவிட இதமானது கிடையாது. அரசு பள்ளிவாசல்களுக்கு அரிசி கொடுக்கிறது. மற்ற செலவை ஊரில் ஆளுக்கொரு நாளாக ஏற்றுக்கொள்கிறார்கள். கஞ்சிக்கு ஆள் இருக்கிறது.

நோன்பு தொடங்கும் முன், விடியலுக்கு முந்திச் சாப்பிடும் சஹருக்கு வீட்டுக்கு ஒரு பெண்தான். எங்கள் வீட்டில் அது நான்.

மார்ச் தொடக்கத்தில் நோன்பு வந்தால் இங்கே விடிகாலைத் தொழுகைக்கான பஜ்ர் பாங்கு ஏறக்குறைய ஐந்தேகாலுக்கு. மூன்றரைக்கு அடுப்பு எரிந்தாக வேண்டும். நான் சிறுமியாக இருந்தபோது தப்ஸ் தட்டிப் பாடிக்கொண்டு பக்கீர் தெருத்தெருவாக வந்து எழுப்புவார். இப்போது கைப்பேசி அலறுகிறது. அதை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுக்கிறவர்களை எழுப்புவதும் என் வேலைதான்.

சஹர் சமையலை எனக்குப் பழக்கியவர் என் மாமி. கருவாடு ஆகாது, ஊறுகாய் ஆகாது. ஆணத்தில், அதாவது குழம்பில், உப்பும் புளியும் ஒரு சுற்றுக் குறைவாக இருக்க வேண்டும். கடைசிப் பிடி தயிர்ச்சோறாகத்தான் இருக்க வேண்டும். அந்தத் தயிருக்கும் அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். மாலையிலேயே உறை ஊற்றினால் சஹருக்குள் புளித்துவிடும் என்று, இரவுத் தொழுகையான தராவீஹ் தொழுதுவிட்டு வந்து, பாலைச் சுண்டுவிரலால் தொட்டுப் பார்த்த பிறகே மோர் விடுவார். மூன்றரைக்கு மூடியைத் திறந்தால் தயிர் அப்போதுதான் இறுகியிருக்கும், புளிப்பே தெரியாது. 2019இல் ரமலான் மே மாதத்தில், கத்திரி வெயிலோடு வந்தது. அந்த வருடம்தான் மாமியின் பத்தியத்துக்கு அர்த்தம் புரிந்தது. கருவாட்டை விழுங்கிவிட்டு அந்தப் பகலைக் கடந்திருக்கவே முடியாது.

இப்போதைய பிள்ளைகளுக்கு சஹர் என்றால் நள்ளிரவு பிரியாணி. பன்னிரண்டு மணிக்கு வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்து படுத்தால், பாங்கு சொல்வதுகூடக் காதில் விழாது. சஹரைப் பிற்படுத்துங்கள், நோன்பு திறப்பதைத் தாமதிக்காதீர்கள் என்பதுதான் நபிவழி. இவர்கள் முதல் பாதியைத் தலைகீழாக்கிவிட்டார்கள். இரண்டாவது பாதியில் மட்டும் ஒரு நொடி பிசகுவதில்லை! மறுநாள் நண்பகல் லுஹருக்குள் நாக்கு ஒட்டிக்கொள்ள, மின்விசிறிக்குக் கீழே கிடந்துகொண்டு, இந்த வருடம் நோன்பு கடுமை என்கிறார்கள். மசாலாதான் கடுமை.

என்னோடு வேலை பார்க்கும் ஸ்ரீவைகுண்டத்து அக்காவிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் வீட்டில் ஏகாதசிக்கு முந்தைய தசமியன்றே இரவுச் சாப்பாடு கிடையாது. ஏகாதசி முழுதும் பட்டினி. துவாதசி விடியலில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் எல்லாம் இலையில் விழ வேண்டும். திதி முடிவதற்குள் பாரணை செய்து விரதத்தை முடித்தாக வேண்டும் என்பதால், அதற்கு முந்திய இரவே கீரையை ஆய்ந்து வைத்துவிடுவாராம். “காலை நாலு மணிக்கு உன் வீட்டு அடுப்பும் என் வீட்டு அடுப்பும் எரியும்போது, வீட்டில் மற்றவர்கள் எல்லாம் எங்கே இருப்பார்கள் என்று நினைக்கிறாய்?” என்று கேட்டார். இருவரும் சிரித்தோம்.

போன ரமலானில் ஒரு ஏற்பாடு செய்தேன். சோறும் ஆணமும் நான். உறை ஊற்றுவது மகன், தட்டு கழுவுவது அவன் வாப்பா. முதல் வாரம் தயிர் கூழாகத்தான் இருந்தது. அதைத்தான் எல்லோரும் சாப்பிட்டோம்.