கெர்னல் எழுந்தது, இனிட் எழவில்லை

மூன்று இரவுகளுக்குப் பிறகு நேற்றுத்தான் கட்டளைக்காகக் காத்திருக்கும் அந்த ஒற்றை # குறி திரையில் வந்து நின்றது. எக்ஸ்86 வகைச் செயலி உள்ள மடிக்கணினியில் உட்கார்ந்துகொண்டு, ரிஸ்க்-ஃபைவ் என்ற வேறு வகைச் செயலிக்கான லினக்ஸை கம்பைல் செய்து (மூல நிரலை அந்தச் செயலி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றி), அந்தச் செயலியை மென்பொருளாகவே நடித்துக்காட்டும் கியூஎமு எமுலேட்டரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். எடுத்துக்கொண்ட வேலை அவ்வளவுதான்.

நான் பயந்துகொண்டிருந்தது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைப் பார்த்து. அதுவோ அதிகம் படுத்தவில்லை. 2018இல் வெளிவந்த 4.15 பதிப்பிலேயே ரிஸ்க்-ஃபைவ் லினக்ஸுக்குள் வந்துவிட்டது. இயல்பு அமைப்புகளே கியூஎமுவுக்குப் போதும். ஒவ்வொரு முறை நிரலைக் கட்டும் மேக் கட்டளை தரும்போதும் இரண்டு மாறிகளைச் சொல்ல வேண்டும்: எந்தச் செயலிக்கு, எந்த கிராஸ் கம்பைலரால் (வேறு வகைச் செயலிக்காக கம்பைல் செய்யும் கருவி). ஒருநாள் நள்ளிரவில் சின்ன அமைப்பொன்றை மாற்றப் போய், முதல் மாறியை விட்டுவிட்டேன். டெர்மினல் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டது. தூக்கக் கலக்கத்தில் எல்லாவற்றுக்கும் என்டரைத் தட்டினேன். காலையில் பார்த்தால் அமைப்புக் கோப்பு முழுவதும் எக்ஸ்86க்கு மாறியிருந்தது. மாறியைச் சொல்லாவிட்டால் தான் ஓடுகிற கணினிக்கே கட்டுகிறோம் என்று அது எடுத்துக்கொள்ளும். அன்றிலிருந்து இரண்டு மாறிகளும் ஒரு ஸ்கிரிப்டுக்குள் இருக்கின்றன, கையால் தட்டுவதில்லை.

கியூஎமுவில், கெர்னலைத் தொடங்கிவைக்கும் நிரலான ஓப்பன்எஸ்பிஐ முதலில் விழித்து கெர்னலிடம் பொறுப்பை ஒப்படைத்தது. வரிகள் மளமளவென்று ஓடின. கடைசியில் ஒரு வரி: இனிட்டை (கெர்னல் எழுந்ததும் முதலில் ஓட்டும் நிரலை) இயக்க முடியவில்லை, பிழை -8. உடனே கெர்னல் பேனிக்: மேலே போக முடியாமல் கெர்னல் நின்றுவிட்டது.

-8 என்றால் இயக்கக்கூடிய வடிவத்தில் கோப்பு இல்லை என்று பொருள். என் இனிட் ஒரு ஸ்கிரிப்ட்; அதை ஓட்டுவது, கட்டளைகளை வாங்கிச் செயல்படுத்தும் ஷெல். அந்த ஷெல்லும் மற்ற அடிப்படைக் கட்டளைகளும் பிஸிபாக்ஸ் என்ற ஒரே கோப்பில் இருந்தன. நிரல் கோப்பின் விவரங்களைக் காட்டும் ரீட்எல்ஃப் கருவியில் அதைப் போட்டுப் பார்த்தேன். இயந்திரம் என்ற இடத்தில் எக்ஸ்86-64 என்று இருந்தது. மாறிகளைச் சொல்லும் ஸ்கிரிப்டை கெர்னலுக்கு மட்டும்தான் எழுதியிருந்தேன். பிஸிபாக்ஸை அப்படியே மேக் செய்திருக்கிறேன். என் தவறுதான், வெட்கத்தோடு திருத்தினேன்.

மறுபடி ஓட்டினேன். இப்போது பிழை -2. அதாவது, கோப்பே இல்லையாம்! கோப்பு கண்ணெதிரே இருக்கிறது. கோப்புகளை அடைத்துவைத்த சிபிஐஓ தொகுப்பை இரண்டு முறை பிரித்துப் பார்த்தேன், அனுமதிகளைப் பார்த்தேன், பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். ஒரு மணி நேரம் போயிற்று. ரீட்எல்ஃபில் நிரல் தலைப்புகளைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பிஸிபாக்ஸ் டைனமிக்காக, அதாவது வேண்டிய நூலகங்களை ஓடும்போது வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி, இணைக்கப்பட்டிருந்தது. ஓடுவதற்கு லிப் அடைவில், அந்த நூலகங்களை ஏற்றித்தரும் ரிஸ்க்-ஃபைவுக்கான லோடர் வேண்டும் என்று கேட்டிருந்தது. அந்த அடைவையே நான் உருவாக்கவில்லை. காணாமல் போனது லோடர்; கெர்னல் புகார் சொன்னதோ இனிட்டின் பெயரில். பொய் சொல்லாமலே ஆளைத் திசைதிருப்பும் பிழைச்செய்தி என்றால் இதுதான்.

பிஸிபாக்ஸ் அமைப்பில், நூலகங்களையும் கோப்புக்குள்ளேயே சேர்த்துவிடும் ஸ்டேட்டிக் என்ற கட்டத்தில் குறியிட்டு மீண்டும் கட்டினேன். # வந்தது. செயலியின் வகையைச் சொல்லும் யூநேம் -m கட்டளைக்கு ரிஸ்க்வி64 என்று பதில் வந்தபோது நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

பிறகு பழக்கதோஷத்தில் எக்ஸிட் என்று தட்டினேன். என் இனிட் ஸ்கிரிப்ட் கடைசி வரியில் ஷெல்லுக்கே இடம் கொடுத்திருந்ததால், முதல் புராசஸே, அதாவது இனிட்டே, அந்த ஷெல்தான்; எக்ஸிட் அதை மூடிவிட்டது. இனிட்டைக் கொல்லப் பார்த்ததாகச் சொல்லி கெர்னல் மறுபடி பேனிக் ஆகி நின்றது.