ஸ்லிம் லேப்டாப்பா? முதலில் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்து காலேஜ் அட்மிஷனும் முடிந்துவிட்டால் எங்கள் தண்டையார்பேட்டைப் பக்கம் வீட்டுக்கு வீடு லேப்டாப் பேச்சுதான். 40,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், மெலிசாக இருக்க வேண்டும், பார்க்க அழகாக இருக்க வேண்டும். இதில் எதுவும் தப்பான ஆசை இல்லை. திருவொற்றியூரில் மெட்ரோ ஏறி, இறங்கி, பஸ் பிடித்து, கூட்டத்தில் நின்றுகொண்டே காலேஜ் போகிற பெண்ணுக்கு இரண்டரைக் கிலோவுக்கும் ஒன்றரைக் கிலோவுக்கும் என்ன வித்தியாசம் என்று சாயங்காலம் தோள்பட்டை சொல்லும்.

ஆனால் நம் வீடுகளில் லேப்டாப் ஒரே ஆளோடு முடிகிற பொருள் கிடையாது. அக்கா படித்து முடித்தால் தம்பிக்கு, அப்புறம் அப்பாவின் கணக்குவழக்குக்கு, அரசு வேலை அப்ளிகேஷனுக்கு என்று ஆறேழு வருஷமாவது ஓட வேண்டும். லித்தியம் பேட்டரி பொதுவாக 300 முதல் 500 தடவை முழுசாக சார்ஜ் ஆகி இறங்கியதும் தளர ஆரம்பித்துவிடும். ஆக, அது நம் கையில் இருக்கும்போதே போகப்போகிறது என்பது வாங்கும்போதே தெரிந்த விஷயம். போனால் மாற்ற முடியுமா, எவ்வளவு செலவாகும் என்பதைக் கடையிலேயே கேட்டுவிட வேண்டும் என்பதுதான் என் பிடிவாதம்.

பக்கத்து வீட்டுப் பெண் ஒரு வெள்ளி நிற லேப்டாப்பைப் பார்த்துவிட்டு வந்து கேட்டாள்: "அண்ணா, பேட்டரி சீல் பண்ணது, கழட்டவே முடியாதுன்னு கடையில சொல்றாங்க. அப்ப பேட்டரி போச்சுன்னா தூக்கிப் போட வேண்டியதுதானா?"

இல்லைம்மா, அவ்வளவு பயப்பட வேண்டாம் என்றேன். முன்பெல்லாம் அடியில் இரண்டு லாக் இருக்கும், தள்ளினால் பேட்டரி கையோடு வந்துவிடும். 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்த சமயத்தில் எங்கே பார்த்தாலும் அந்த மாதிரிதான். அதற்குள் இருந்தது 18650 என்ற உருளை செல், 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். இன்றைக்கு மொத்த லேப்டாப்பே 18 மில்லிமீட்டர்தான் இருக்கிறது, அந்த செல் எங்கே உட்காரும்? அதனால்தான் தட்டையான பை போன்ற செல்கள் வந்தன. 2008-ல் மேக்புக் ஏர், 2011-ல் இன்டெலின் அல்ட்ராபுக் என்று மேலே தொடங்கிய பழக்கம் இன்று மலிவு விலை மாடல் வரை இறங்கிவிட்டது. லாக், பிளாஸ்டிக் கூடு எல்லாம் போனதால் மிச்சமான இடத்திலும் செல்லையே வைக்கிறார்கள், அது நமக்கும் லாபம்தான்.

கடைக்காரர் "சீல்" என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு ரகம் இருக்கிறது. அடி மூடியை ஸ்க்ரூ கழற்றித் திறந்தால் பேட்டரி நாலைந்து ஸ்க்ரூவிலும் ஒரு கனெக்டரிலும் நிற்பது ஒன்று. பசை போட்டு ஒட்டியிருப்பது இன்னொன்று. மலிவு விலை விண்டோஸ் லேப்டாப்களில் பெரும்பாலும் முதல் ரகம்தான், பழகிய கைக்கு அரை மணி நேர வேலை. அதனால் கடையில் டெமோ பீஸைத் திருப்பிப் பாருங்கள், ஸ்க்ரூ சாதாரண நட்சத்திர (பிளஸ் குறி போட்ட) ஸ்க்ரூவா என்று பாருங்கள். ஒன்றிரண்டு ரப்பர் பட்டைக்கு அடியிலும் ஒளிந்திருக்கும். அந்த மாடல் எண்ணை யூடியூபில் போட்டு யாராவது பிரித்துக் காட்டியிருக்கிறார்களா என்றும் தேடுங்கள், காசு கொடுப்பதற்கு முன்னால்.

ரிட்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சர்வீஸ் கடையில் நின்றிருந்தபோது டச்பேட் அழுந்தவில்லை என்று ஒருவர் ஒரு ஸ்லிம் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். மெக்கானிக் டச்பேடைத் தொடவே இல்லை. மேஜைமேல் வைத்து ஒரு மூலையை விரலால் அழுத்தினார், அது ஆடியது. உடனே ரப்பர் பட்டையை உரித்து, ஸ்க்ரூக்களை எடுத்து, மெல்லிய பிளாஸ்டிக் துண்டை விளிம்பில் விட்டு டக் டக்கென்று கிளிப்புகளை விடுவித்துக்கொண்டே வந்தார். மூடி வந்ததும் பார்த்தால் மூன்று செல்லில் நடு செல் பூரி மாதிரி உப்பி, டச்பேடை அடியிலிருந்து முட்டிக்கொண்டிருந்தது. முதலில் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு, "இதைக் குத்திடக் கூடாது சார், நெருப்பு பிடிக்கும்" என்றார்.

உப்புவது உள்ளே வாயு சேர்வதால். சூடும், எந்நேரமும் 100 சதவீதத்தில் நிற்பதும் அதை வேகப்படுத்தும். மே மாதம் ஷீட் போட்ட மாடி ரூமில், சார்ஜரைக் கழற்றாமல், மெத்தைமேல் வைத்துப் படம் பார்த்தால் எந்த பேட்டரியும் தாங்காது. பழைய லேப்டாப் என்றால் பேட்டரியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு நேராகக் கரண்டில் ஓட்டலாம். இப்போது அது முடியாதே என்று பல பிராண்டுகளில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் செட்டிங் இருக்கிறது. வாங்கியவுடன் அதைப் போட்டுவிடுங்கள். வெளியே கொண்டுபோகிற அன்றைக்கு மட்டும் எடுத்தால் போதும்.

கரண்ட் விஷயத்தில் ஸ்லிம் நம்மைக் கைவிடும் இடம் ஒன்று உண்டு. டிசம்பர் 2023 மிக்ஜாம் புயலில் வடசென்னையில் பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. கழற்றி மாட்டும் காலத்தில் சார்ஜ் ஏற்றிய இன்னொரு பேட்டரியைப் பையில் வைத்துக்கொள்ள முடிந்தது. இப்போது அதற்கு ஈடு, டைப்-சியில் சார்ஜ் ஏறும் மாடலாகப் பார்த்து எடுத்து, கூட ஒரு பெரிய பவர் பேங்க் வைத்துக்கொள்வதுதான். உருண்டை முள் சார்ஜர் மாடல் என்றால் அந்த வழியும் அடைபடும்.

பேட்டரியை மாற்றிவிடலாம், மதர்போர்டில் பற்றவைத்த ரேமை மாற்ற முடியாது. 8 ஜிபி மட்டும் பற்றவைத்து, ஸ்லாட்டும் இல்லாத மாடலை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஸ்கிரீனை மூடித் திறக்கும் கீலான ஹிஞ்ச்சையும் கவனிக்க வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக்கில் ஸ்க்ரூ பிடித்திருக்கும், மூலையைப் பிடித்துத் திறந்து திறந்து ஒருநாள் அந்தப் பிளாஸ்டிக்கோடு பெயர்ந்து வரும். நடுவில் பிடித்துத் திறக்கச் சொல்லிக்கொடுங்கள்.

அழகு முக்கியமில்லை என்பவர்களுக்கு ரீஃபர்பிஷ்ட், அதாவது பழசைச் சரிசெய்து விற்கும், திங்க்பேட் டி480 ஒரு நல்ல வழி. 2018 மாடல், உள்ளே ஒரு பேட்டரி, பின்னால் கழற்றக்கூடிய இன்னொன்று, வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்பக்கத்தை மாற்றிக்கொள்ளலாம். இன்டெலின் எட்டாம் தலைமுறை சிப் உள்ளதாகப் பார்த்து எடுத்தால் விண்டோஸ் 11-ம் ஓடும். அந்தப் பெண்ணிடமும் காட்டினேன், கறுப்பாகப் பழசாக இருக்கிறது என்றாள். சரி, அதுவும் நியாயம், நாலு வருஷம் தினமும் கையில் வைத்திருக்கப்போவது அவள். டைப்-சி இருக்கிற, ஸ்க்ரூவில் திறக்கிற, ஒரு ரேம் ஸ்லாட் காலியாக உள்ள வேறொரு வெள்ளி நிறத்தை இருவருமாகத் தேடி எடுத்தோம்.

மாற்றும் காலம் வரும்போது பேட்டரிமேல் அச்சடித்திருக்கும் பார்ட் நம்பரையும், எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்று சொல்லும் வாட் ஹவர் எண்ணையும் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். பாதி விலைக்கு வரும் டூப்ளிகேட்டில் ஸ்டிக்கரில் உள்ள எண்ணுக்கும் உள்ளே உள்ள சரக்குக்கும் சம்பந்தம் இருக்காது. லேப்டாப்புக்கு வாரண்டியை நீட்டினாலும் பேட்டரிக்குப் பெரும்பாலும் ஒரு வருஷம்தான், அதையும் பில்லில் பாருங்கள். கழற்றிய பழையதைக் குப்பைத்தொட்டியில் போட்டால் அது கொடுங்கையூர் குப்பைமேட்டுக்குத்தான் வரும், அங்கே தீப்பிடித்தால் அந்தப் புகையை மூச்சில் இழுப்பது நம் ஆட்கள். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு. சர்வீஸ் சென்டரிலேயே வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள்.