பொட்டு வைத்த மண்

நேற்று பிளேன் தே காஃப்ர் என்ற மேட்டுச் சமவெளிப் பக்கம் சோதனைக்கு மண் எடுக்கப் போயிருந்தேன். 1,600 மீட்டர் உயரம். மதியத்துக்குள் மேகம் இறங்கிவிட்டது. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் இந்த ரீயூனியன் தீவுக்கு வந்து நாலு வருஷமாகியும் இந்தக் குளிர் பழகவில்லை.

எரிமலைச் சாம்பலில் பிறந்த ஆண்டோசால் மண். கறுகறுவென்று இருக்கும், கையில் கனமே தெரியாது. ஒரு கன சென்டிமீட்டர் 0.9 கிராம்கூடத் தேறாது. விரலால் அழுத்தித் தேய்த்தால் திடீரென வழவழவென்று நீர் விடும். காரம் பட்டால் ரோஸ் நிறமாகும் பினாப்தலீன் தாளில் ஒரு சிட்டிகை மண் வைத்துச் சோடியம் ஃபுளோரைடு ஒரு சொட்டு விட்டேன். பளிச்சென்று ரோஸ் நிறம்! மண்ணில் அலோஃபேன், அதாவது எரிமலைச் சாம்பல் சிதைந்து உருவாகும் கனிமம், இருப்பதற்கு அடையாளம். மாடு மேய்க்கும் பெரியவர் எட்டிப் பார்த்து, கிரியோல் மொழிக்கு நடுவே "பொட்டு" என்றார். அவருக்கு மிஞ்சியிருக்கும் தமிழில் அதுவும் ஒன்று.

"உரம் போட்டும் புல் எடுக்கலையே" என்று அலுத்துக்கொண்டார். உரத்தில் இருக்கும் பாஸ்பேட்டை இந்த மண் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். 85 சதவீதத்துக்கு மேல்கூட. பயிருக்கு மிச்சம் என்ன இருக்கும்?

அப்புறம் நான் செய்த கூத்து: போன மாதம் எடுத்துவந்த மண் மாதிரி மொத்தத்தையும் சூடான ஓவனில் காயவைத்துவிட்டேன். ஒருமுறை காய்ந்தால் பழையபடி தண்ணீரைப் பிடிக்காது. அதற்காகத்தான் நேற்று மறுபடி மலையேற்றம். இந்த முறை ஈரத்தோடு பையில் கட்டி, ஃபிரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வீட்டில் இன்னும் பார்க்கவில்லை.